பேர் சொல்லி ஜெபித்தவள்

வாங்க ஐயரம்மா, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், சும்மா வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். முந்தின பாதிரி ஐயர் அதுல இருந்து சரிஞ்சு விழப் பாத்தார். இதுல உக்காருங்க. கதவு திறந்தே கிடக்கட்டும், நாலு மணிக்கு மேல இந்தப் பக்கம் நல்ல காத்து வரும்.

ஐயா வரலையா? நாளைத் திருவிருந்துக்கு இன்னைக்குச் சாயங்காலம் ஆயத்த ஆராதனை இருக்குல்லா, பிரசங்கத்துக்கு உக்காந்திருப்பாங்க. சரி, சரி. ஆம்பளைய இல்லாததும் நல்லதுதான். இந்தாங்க, காபி. சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன்.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாமலா இருக்கு. நீங்க இந்தச் சேகரத்துக்கு, எங்க சபைக்கு மாறி வந்து மூணு மாசம் ஆச்சு. மூணு தடவை திருவிருந்து ஞாயிறு வந்து போயிட்டு. மூணு தடவையும் எல்லாரும் எந்திரிச்சு அப்பமும் ரசமும் வாங்க வரிசையா ஆல்டர் பக்கம் போறாங்க, பொம்பளைய பக்கம் ஒரே ஒரு கிழவி மட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கிட்டு பெஞ்சுல பிடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்கா. யாரு அதுன்னு கேட்டிருப்பீங்க. 'அது லேயாளம்மா, அதை விடுங்க'ன்னு சொல்லிருப்பாளுவ. யாரு சொன்னா, கமலியா? நீங்க சிரிக்கதைப் பாத்தாலே தெரியுது. சொல்லட்டும். அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரிய வேண்டாம். நான் சொல்லுததைக் கேளுங்க.

நானும் என் தங்கச்சியும் ரெண்டே பேரு. அப்பா எனக்கு லேயாள்னு பேரு வச்சாரு, அவளுக்கு ராகேல்னு வச்சாரு. வேதத்துல அந்த அக்கா தங்கச்சி ஒரே புருஷனுக்கு வாக்கப்பட்டுப் பட்ட பாடு என்னன்னு முழுசா வாசிச்சிருந்தா வச்சிருக்க மாட்டாரு. பாதி வாசிக்கும்போதே ஞானஸ்நானத்துக்கு நாள் வந்திருக்கும். ராகேலுக்குப் பிள்ளை கிடையாது. அவ வீட்டுக்காரரும் சீக்கிரமே போய்ச் சேந்துட்டாரு. எனக்கு ஒரே மகன், ஆசீர். அவன் தவழ்ந்தது இந்த வீட்டுல, நடந்தது அந்த வீட்டுல. மூணு தெரு தள்ளி அவ வீடு. அவன் சாப்பிட உக்காந்தா, 'சித்தி வீட்டுல என்ன கொழம்பு'ன்னு கேட்டுட்டுத்தான் உக்காருவான்.

நான் அஞ்சாங் கிளாஸ் வரைக்கும்தான். ஆனா வேதத்தை ஆதியாகமத்துல இருந்து கடைசி வரைக்கும் ஏழு தடவை வாசிச்சு முடிச்சவ. பெண்கள் சங்கத்துக்குப் பதினாலு வருஷம் தலைவி நான். ஏதோ பெருமைக்குச் சொல்லல. உள்ளதைச் சொல்லுதேன். இந்த ஊர்ல குடிக்கிற ஒருத்தன் பேரு விடாம எங்க சங்கத்துல ஜெபிச்சிருக்கோம். கமலி வீட்டுக்காரன் இருக்கானே, அவனுக்காக நான் பேரைச் சொல்லி, அவன் எங்க விழுந்து கிடந்தான், எந்தப் பாத்திரத்தைத் தூக்கிக் கொண்டுபோய் வித்தான், எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட சொல்லி, கண்ணீர் விட்டு எத்தனை செவ்வாய்க்கிழமை ஜெபிச்சிருக்கேன். கமலி அப்படியே தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருப்பா. ஆமென் கூடச் சத்தமாச் சொல்ல மாட்டா. நன்றி இல்லாத பொம்பளை.

அப்படி இருக்கும்போது என் மகனே குடிக்க ஆரம்பிச்சா நான் எங்க போய்ச் சொல்ல?

தூத்துக்குடியில ஒரு கம்பெனியில ஸ்டோர்ல வேலை பாத்தான். நல்ல வேலை. ரெண்டு வருஷம் ஒழுங்கா இருந்தான். அப்புறம் சனிக்கிழமை வரும்போது வாயில பாக்கு மணத்துச்சு. எதுக்குப் பாக்குன்னு கேட்டா பல்லு வலிங்கான். தாய்க்குத் தெரியாதா? தெரியும். ஆனா நானும் பல்லு வலின்னே நினைச்சுக்கிட்டேன். கடைசியில கம்பெனியில நிறுத்திட்டாங்க. ஒரு வெள்ளிக்கிழமை நம்ம பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால விழுந்து கிடந்தான். ராகேல்தான் பாத்து, ஆட்டோ வச்சுக் கொண்டாந்து இறக்குனா. அன்னைக்கு அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நான் சொன்னேன், 'ஏட்டி, உயிர் போனாலும் வெளிய தெரியக்கூடாது. நீ உன் மட்டுக்கு ஜெபிச்சுக்கோ'ன்னேன். 'சரிக்கா'ன்னா. சொன்னா ஐயரம்மா, இந்த வாசல்ல நின்னு 'சரிக்கா'ன்னு சொன்னா.

அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டுக் கூட்டம் என் வீட்டு முறை. இதே இடத்துலதான் பாய் விரிச்சேன். சுக்குக் காபியும் முறுக்கும் வச்சிருந்தேன். ராகேலைத் தவிர எட்டுப் பேர் வந்தாளுவ. ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு சொன்னாளுவ. ஒருத்திக்கு மூட்டு வலி, ஒருத்தி மருமகளுக்கு நாலாம் மாசம். என் முறை வரும்போது, எங்க கிணத்துல தண்ணி ஊறணும், அதுக்காக ஜெபிச்சுக்கிடுங்கன்னேன். ஆசீர் உள் அறையில படுத்திருந்தான். காய்ச்சல்னு சொல்லிருந்தேன்.

முடிவு ஜெபம் ராகேலைப் பண்ணச் சொன்னாங்க. நல்லாத்தான் ஆரம்பிச்சா. மூட்டு வலி வந்துச்சு, நாலாம் மாசம் வந்துச்சு, கிணறு வந்துச்சு. கிணறு வந்த உடனே அவ குரல் உடைஞ்சுது. 'அப்பா, என் அக்கா கண்ணீருக்குக் கிணத்துத் தண்ணியா காரணம், உமக்குத் தெரியுமே அப்பா. ஆசீரை உம்ம கையில கொடுக்கேன் அப்பா. வெள்ளிக்கிழமை ரோட்டுல கிடந்தானே அப்பா. அவனுக்கு வேலை போயிட்டே அப்பா. குடியில இருந்து எங்க பிள்ளையைத் தூக்கி விடும் அப்பா'ன்னு ஓன்னு அழுதா.

அவ ஒவ்வொரு அப்பாவுக்கும் எட்டுப் பேரும் ஆமென், ஸ்தோத்திரம்னு சொன்னாளுவ. சொல்லிக்கிட்டே ஒத்தக் கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாளுவ. கண்ணை மூடியிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேக்கலாம். எனக்கு அன்னைக்குக் கண்ணு மூடல ஐயரம்மா.

அந்த நேரம் பாத்து உள் அறைக் கதவு திறந்துச்சு. ஆசீர் வந்தான். லுங்கியும் கசங்கின சட்டையுமா வந்து, நேரா ராகேல் பக்கத்துல முட்டுப் போட்டு, தரையில தலையை வச்சு அழுதான். இருபத்தாறு வயசுப் பையன். பொம்பளையளுக்கு நடுவுல. அவ ஜெபத்தை நிறுத்தாம அவன் தலையில கையை வச்சா.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. நான் எந்திரிச்சேன். 'எந்திரில, உள்ள போ'ன்னு சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். இழுத்து அறைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்தினேன். வெளிய வந்து, 'பிள்ளை காய்ச்சல்ல பிதற்றுதான்'னு சொன்னேன். முறுக்கை யாரும் தொடல. பொதுவா முறுக்கு மிஞ்சாது.

எல்லாரும் போன பிறகு அவன்கிட்ட ரெண்டு வார்த்தை சொன்னேன். தாய் சொல்லுததுதானே. 'நீ அந்த ரோட்டுலேயே செத்துக் கிடந்திருந்தாக்கூட நான் நாளைக்குத் தலை நிமிந்து கோயிலுக்குப் போயிருப்பேன்'னேன். கோவத்துல எந்தத் தாய்தான் சொல்லல? மறுநாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா ஆளைக் காணோம். பையைக் காணோம். சின்ன வேதப்புஸ்தகம் ஒண்ணு அவன் அலமாரியில இருக்கும், அதையும் காணோம்.

அவ ஜெபம்தான் என் பிள்ளையை வீட்டை விட்டு விரட்டுச்சு. நான் அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன்.

காபியைக் குடிங்க, ஆறுது.

ராகேல் வராம இல்ல. வெள்ளிக்கிழமை பின்வாசல் வழியா வந்தா. கண்ணெல்லாம் வீங்கி இருந்துச்சு. 'யக்கா, தப்புத்தான். ஜெபிக்கும்போது என்னை அறியாம வாயில வந்துட்டு. மன்னிச்சிரு'ன்னா. நான் மன்னிக்க மாட்டேன்னு சொல்லல. அதை நல்லா கவனிங்க ஐயரம்மா, மாட்டேன்னு நான் ஒரு நாளும் சொல்லல. 'நீ கூட்டத்துல வச்சுச் சொன்னே. அதே கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, நான் ஜெபிச்சது தப்பு, அது உண்மை இல்லன்னு சொல்லு. அன்னைக்கே நான் உன்னைக் கட்டிப் பிடிக்கேன்'னேன்.

'உன்கிட்ட சொன்ன வாக்கை மீறினேன், அது தப்புன்னு எத்தனை பேர் முன்னால வேணும்னாலும் சொல்லுதேன்க்கா. ஆனா ஜெபிச்சது பொய்யின்னு எப்படிச் சொல்ல? ஆண்டவர்கிட்டப் போய்த் திருப்பி வாங்கவா?'ன்னா.

'அப்ப போ'ன்னேன்.

அந்த மாசம் திருவிருந்து ஞாயிறு வந்துச்சு. பாவ அறிக்கை சொல்லும்போதே எனக்கு நெஞ்சுக்குள்ள இடிச்சுது. மனசுல ஒருத்தி மேல குறையை வச்சுக்கிட்டு அப்பத்துல கையை நீட்டக்கூடாது. இது விளையாட்டுக் காரியம் இல்ல. தகுதி இல்லாம, அபாத்திரமா வாங்குதவங்க அவங்களுக்கே ஆக்கினைத் தண்டனையை வாங்குதாங்க. இந்த ஊர்ல பங்காளி மேல கேஸ் போட்டுட்டு, கோர்ட்டுக்கும் போயிட்டு, ஞாயித்துக்கிழமை ஆல்டர்லயும் போய் முட்டுப் போடுதவன் எத்தனை பேரு இருக்கான். நான் அப்படி இல்ல. எனக்குத் தேவபயம் உண்டு. எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்க, நான் உக்காந்துட்டேன்.

பொம்பளைய பக்கம் பெஞ்சு எல்லாம் காலியாயிட்டு. மேல ஃபேன் சுத்துத சத்தம் மட்டும் கேக்கு. அப்ப பின்னால ஒரு செருமல். ராகேலுக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே அந்தப் பழக்கம், சும்மா இருந்தா தொண்டையைச் செருமுவா. எனக்கு மூணு பெஞ்சு பின்னால அவளும் போகாம உக்காந்திருக்கா.

அவளுக்கு என்ன வந்துச்சு? அவ மன்னிப்பு கேட்டுட்டா, மனசு லேசாயிட்டு, போய் வாங்க வேண்டியதுதானே? என்னைக் காட்டிக் கொடுக்கத்தான் உக்காந்தா. அக்காதான் கல்நெஞ்சுக்காரின்னு ஊர் பேசணும். அப்ப இருந்த ஐயர் அவகிட்டக் கேட்டாராம். 'அக்கா வரட்டும் ஐயா, சேந்து வாரோம்'னு சொன்னாளாம். பாத்தீங்களா, எவ்வளவு சாமர்த்தியம்.

அது ஒரு மாசத்தோட நிக்கல. பதினோரு வருஷம். மாசத்துக்கு ஒரு தடவை, எல்லாரும் ஆல்டர்ல இருக்கும்போது, அந்தப் பெரிய கோயில்ல நாங்க ரெண்டு பேரும், திடப்படுத்தல் எடுக்காத, திருவிருந்து வாங்க இன்னும் வயசாகாத பிள்ளைகளும். நான் ஒரு நாளும் திரும்பிப் பாத்தது கிடையாது. பாக்க வேண்டியது இல்ல. செருமுவா. அவ இருக்கான்னு தெரிஞ்சுக்கிடுவேன்.

ஒரு தடவை என்ன செஞ்சா தெரியுமா? என் பெஞ்சுலேயே, எனக்குப் பக்கத்துல வந்து உக்காந்தா. கைக்குள்ள கையை வச்சு ஒருத்தருக்கு ஒருத்தர் சமாதானம் கொடுக்கிற நேரம் வருது. ஆல்டர்ல இருந்து கொண்டாந்து பெஞ்சு ஓரத்துல கொடுத்துட்டாங்க. ஒருத்தி கையில இருந்து அடுத்தவ கைக்கு மாறி மாறி வருது. ராகேல் வாங்கிட்டா. அடுத்தது நான். ரெண்டு கையையும் விரிச்சு என் பக்கம் திரும்புனா. நான் குனிஞ்சு பாட்டுப் புஸ்தகத்தைத் தேடினேன். அது என் காலடியிலதான் கிடந்துச்சு. ஆனாலும் தேடினேன். நிமிரும்போது அவ என்னைத் தாண்டிக் கையை நீட்டி அந்தப் பக்கத்துக்காரிக்குக் கொடுத்திருந்தா. அவ முழங்கை என் மடியில பட்டுச்சு. அவ்வளவுதான்.

பரமண்டல ஜெபம் சொல்லுவோம்லா, அதுல நாங்க மன்னிக்கிறோம்னு ஒரு இடம் வரும். அங்க வந்தா எனக்கு வாய் பூட்டிக்கிடும். மத்தவங்க சத்தத்துல அது தாண்டிப் போயிரும், அடுத்த வரியில நான் சேந்துக்கிடுவேன். யாருக்கும் தெரியாது. பொய் சொல்லி ஜெபிக்கதை விட இது நல்லதுதானே?

விசுவாசத்துல வளரணும், வளரணும்னு பிரசங்கத்துல சொல்லுதாங்க. நான் வளரலன்னு சொல்ல முடியாது. அந்தப் பதினோரு வருஷத்துல நான் வெள்ளிக்கிழமை உபவாசத்தைத் தவறவிட்டது கிடையாது. ஆசீருக்காக ஜெபிக்காத நாள் கிடையாது. ஆண்டவரே, என் மகனைக் கொண்டாந்து விடும், ஊருக்கு முன்னால என் தலையை உயர்த்தும்னு கேப்பேன். ஒரு பதிலும் இல்ல. வானம் வெண்கலமாயிட்டு, ஜெபம் மேல ஏறலன்னு நினைச்சேன்.

போன வருஷம் அவ செருமல் மாறிட்டு. தொண்டையில இருந்து வந்தது, நெஞ்சுக்குள்ள இருந்து வர ஆரம்பிச்சுது. ஈர விறகு மாதிரி. ஆஸ்பத்திரிக்காரனுக்கு முன்னால, கமலிக்கு முன்னால, அவளுக்கே முன்னால எனக்குத் தெரியும். ஆறு திருவிருந்து ஞாயிறு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஒரு ஆள்கிட்டச் சொல்லி விட்டிருக்கலாம், 'அவளைப் போய் நெஞ்சைக் காட்டச் சொல்லு'ன்னு. நானா முதல்ல பேசுததான்னு இருந்துட்டேன்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில காட்டும்போது நோய் முத்திப் போயிட்டு. வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க.

அக்டோபர் மாசம், ஒரு புதன்கிழமை, முந்தின ஐயர் வந்தார். இந்த ஆடுத நாற்காலியிலதான் உக்காந்தார். 'லேயாளம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு ராகேலம்மாவுக்கு வீட்டுல திருவிருந்து கொடுக்கேன். அக்கா வந்தாத்தான் வாங்குவேன்னு சொல்லுதாங்க. வருவீங்களா?'ன்னார். வாரேன்னேன். உடனே சொன்னேன் ஐயரம்மா. யோசிக்கவே இல்ல.

வெள்ளைச் சேலையை எடுத்துக் கஞ்சி போட்டேன். பதினோரு வருஷம் உக்காந்திருக்கதுக்குக் கட்டின சேலை, நாளைக்கு முட்டுப் போடுததுக்குக் கட்டப் போறேன்னு நினைச்சேன். காலையில குளிச்சு, ஒண்ணும் சாப்பிடாம, மூணு தெருவும் நடந்தேன்.

ஆறேழு பொம்பளைய இருந்தாளுவ. அதுல அஞ்சு பேர் அன்னைக்கு இந்தப் பாயில இருந்தவளுவ. கமலியும் இருந்தா. ராகேல் கட்டில்ல ஒரு சிறு பிள்ளை அளவுக்குச் சுருண்டு கிடந்தா. என்னைப் பாத்து 'யக்கா'ன்னா. நான் கட்டில் ஓரத்துல உக்காந்தேன். அவ என் முந்தானை நுனியைப் பிடிச்சுக் கைக்குள்ள சுருட்டிக்கிட்டா. சின்ன வயசுல சந்தைக்குப் போகும்போது அப்படித்தான் பிடிப்பா.

ஐயர் சின்னப் பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணி விரிச்சு, அப்பத்தையும் கிண்ணத்தையும் வச்சார். பாவ அறிக்கை சொன்னோம். 'யாராவது ஒரு வார்த்தை ஜெபிங்க'ன்னார். ரெண்டு நாளா பேச்சு வராம கிடந்தவ, ராகேல் வாயைத் திறந்தா.

'அப்பா... என் அக்கா மகன் ஆசீர்...'

அவ்வளவு சொல்லிட்டு மூச்சு வாங்குதா.

அதே பேரு. அதே பொம்பளைய. சாகப் போற நேரத்துலயும் இவ விட மாட்டாளான்னு இருந்துச்சு. நான் எந்திரிச்சேன். முந்தானை அவ கையில இருந்துச்சு. உருவிக்கிட்டேன். ஐயர் 'லேயாளம்மா, லேயாளம்மா'ன்னு கூப்பிட்டது தெருவுல கேட்டுச்சு. நான் நிக்கல.

ஒரு மணி வாக்குல கமலி வந்தா. இந்த வாசப்படியில நின்னுக்கிட்டே சொன்னா, உள்ள வரல. 'நீங்க போன பிறகு அவ ஜெபத்தை முடிச்சாக்கா'ன்னா. 'ஆசீரைக் குடியில இருந்து தூக்கி விட்டீரே, ஸ்தோத்திரம். அவன் கோயம்புத்தூர்ல குடும்பமா இருக்கானே, ஸ்தோத்திரம். இன்னைக்கு என்னைப் பாக்க வாரானே, என் அக்கா கண்ணு அவனைக் காணணும்'னு ஜெபிச்சாளாம். ஐயர் அப்பத்தை உதட்டுக்கிட்டக் கொண்டு போனாராம். வாயை இறுக்க மூடிக்கிட்டாளாம். 'அக்கா வரட்டும்'னாளாம். அரை மணி நேரம் காத்திருந்துட்டு, சாயங்காலம் திரும்பி வாரேன்னு ஐயர் பெட்டியை மூடிக்கிட்டுப் போனாராம்.

'இப்ப வாங்கக்கா'ன்னா கமலி.

'வெயில் தாழட்டும். ஐயா வரும்போது வாரேன்'னேன். ஓடிப் போனா அந்தப் பொம்பளைய என்ன நினைப்பாளுவ? வெள்ளைச் சேலையை அவுக்காம உக்காந்திருந்தேன். ஆசீர் வாரான், ஆசீர் வாரான்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மூணரைக்குக் கோயில்ல மணி விழுந்துச்சு. விட்டு விட்டு அடிச்சாங்க. துக்க மணி.

ஆசீர் அஞ்சரை பஸ்ஸுக்கு வந்தான். முன்நெத்தியில முடி போயிட்டு. கூட அவன் பெஞ்சாதியும், ஆறு வயசுல ஒரு பொம்பளைப் பிள்ளையும். சித்தி காலைப் பிடிச்சுக்கிட்டு அவன் அழுத அழுகையைப் பாக்க முடியல. எல்லாம் அடங்கின பிறகு நான் கிட்டப் போனேன். 'வீட்டுக்கு வால, சாப்பிடு'ன்னேன். 'ஒம்பது வருஷமா நான் குடியைத் தொடலம்மா. சித்திக்கு வாரா வாரம் போன் பண்ணுவேன்'னான். 'எனக்கு ஏம்ல சொல்லல'ன்னு கேட்டேன்.

'நான் குடிச்சதையே ஒத்துக்கிடாத வீட்டுல, விட்டுட்டேன்னு எப்படிம்மா வந்து சொல்ல?'ன்னான். கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அந்தப் பிள்ளை அவன் கையை இழுத்து, 'அப்பா, இது யாரு'ன்னு என்னைக் காட்டிக் கேட்டுச்சு.

'சித்திப் பாட்டியோட அக்கா'ன்னு சொன்னான்.

மறுநாள் அடக்கம் முடிஞ்ச உடனே வண்டி ஏறிட்டான். போன் நம்பரைக் கமலிகிட்டக் கொடுத்துட்டுப் போயிருக்கான். கமலி கொண்டாந்து என்கிட்டக் கொடுத்தா. அந்தா, வேதப்புஸ்தகத்துக்குள்ள இருக்கு. கூப்பிட்டா எடுப்பான். எடுத்து என்ன சொல்லுவான்?

அழாதீங்க ஐயரம்மா. நான் அழல பாருங்க.

முந்தின ஐயர் மாறிப் போகும்போது வந்து சொன்னார், 'ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டு வந்து வாங்குங்கம்மா, அவர் மன்னிப்பார்'னு. மன்னிப்பார். அவர் மன்னிக்க மாட்டார்னு நான் சொல்லலையே. ஆனா அவ வாங்காமப் போன அப்பத்தை யாரு இனி அவ வாயில வைப்பா? அதுக்கு வேதத்துல எங்கயாவது வழி இருக்கா? ஏழு தடவை வாசிச்சவ நான், எனக்குத் தெரிஞ்சு இல்ல. தங்கச்சிகிட்டப் போய் ஒப்புரவாகி, சமாதானமாகிட்டு வான்னு இருக்கு. எங்க போக? கல்லறைத் தோட்டத்துக்கும் போய் நின்னு பாத்தேன். சிலுவையில பேரு எழுதின பெயின்ட் அதுக்குள்ள உரிஞ்சிட்டு. அங்க நின்னு என்ன சொல்லன்னு எனக்குத் தெரியல. வெயில் ஏறுச்சு, வந்துட்டேன்.

அவ போன பிறகு வந்த முதல் திருவிருந்து ஞாயிறு. எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்க. பெஞ்சு காலியாயிட்டு. ஃபேன் சுத்துது. நான் காத்துக்கிட்டே இருந்தேன். முதல் வரிசை வாங்கிட்டுத் திரும்புனாங்க, ரெண்டாம் வரிசை திரும்புனாங்க. ஒரு சத்தமும் இல்ல. பதினோரு வருஷத்துல முதல் தடவையா நான் திரும்பிப் பாத்தேன் ஐயரம்மா. மூணாவது பெஞ்சு. நடுவுல, அவ உக்காருத இடத்துல மட்டும் பாலிஷ் தேஞ்சு வெள்ளையா இருந்துச்சு.

நாளைக்கு நான் கோயிலுக்கு வருவேன். வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டாச்சு, கொடியில கிடக்கு பாருங்க. ஆனா என்னை எந்திரிக்கச் சொல்லாதீங்க. ஐயாகிட்டயும் சொல்லிருங்க, எல்லாரும் வாங்கன்னு கூப்பிடும்போது நான் இருக்கிற பக்கம் பாக்க வேண்டாம்னு. நான் எந்திரிச்சுப் போயிட்டா அந்த நேரத்துல அங்க யாரு இருக்கா?

ஆனா ஒண்ணு சொல்லுதேன், நீங்க தப்பா நினைக்கக் கூடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவ வாய்க்குள்ள ஜெபிச்சிருக்கலாம். ஆண்டவருக்குக் காது கேக்காதா? அவ்வளவு சத்தமா, அத்தனை பேருக்கு முன்னால...

சரி, விடுங்க. போகணுமா? மணி அஞ்சாகப் போகுது, ஆயத்த ஆராதனைக்கு நேரமாயிரும். ஜெபம் பண்ணிட்டுப் போங்க. வந்த வீட்டுல ஜெபிக்காமப் போகக் கூடாது. சும்மா பொதுவா ஜெபிங்க ஐயரம்மா. சமாதானம் வேணும், சுகம் வேணும்னு ஜெபிங்க. பேரு ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

கொஞ்சம் இருங்க. தெருக்கதவை அடைச்சிட்டு வந்துருதேன்.